உஷார்! அந்தப் பெட்ஷீட்காரர் பிள்ளை பிடிக்க வரவில்லை

உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ, பள்ளி வேன் பெற்றோர் குழுவிலோ, சொந்தக்காரர்கள் குழுவிலோ இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு சிசிடிவி துண்டு வந்து விழும். தோளில் மூட்டையோடு ஒருவர் தெருவில் நடப்பார். அவர் தலையைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். வெளிமாநிலக் கும்பல் நம் ஏரியாவில் இறங்கியிருக்கிறது, குழந்தைகளை வெளியே விடாதீர்கள், எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருக்கும். எந்த ஏரியா என்று இருக்காது. என்றைக்கு எடுத்தது என்று இருக்காது. எந்தக் காவல் நிலையத்தில் புகார் என்று இருக்காது. கோவை கணபதியில் படிப்பவர் கணபதி என்று எடுத்துக்கொள்வார், சூலூரில் படிப்பவர் சூலூர் என்று எடுத்துக்கொள்வார்.

தயவுசெய்து அங்கேயே கையை நிறுத்துங்கள். இப்படிப்பட்ட செய்தியால் தமிழ்நாட்டிலேயே உயிர் போயிருக்கிறது. வெளியூர்க்காரர் மேல் எழுந்த வெறும் சந்தேகத்தில், கோவையிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்திலும் ஓர் உயிர் போயிருக்கிறது.

2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூர். சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் உறவினர்களோடு காரில் குலதெய்வம் கோயிலைத் தேடிப் போகிறார். உடன் வந்தவர்களில் இருவர் மலேசியாவில் வாழும் தமிழர்கள், விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள். வழி தெரியவில்லை. காரை நிறுத்தி விசாரிக்கிறார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்ததும், வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த சாக்லேட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுக்கு சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யார் வந்தாலும் செய்கிற காரியம்தான். அந்த வாரங்களில் வட மாவட்டங்கள் முழுக்கப் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ சத்தம் போட, கார் கிளம்ப, அவர்கள் அடுத்த ஊரைச் சேர்வதற்குள் செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டம் காரை மறித்தது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். மற்றவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

அடித்தவர்கள் பேசியது தமிழ். அடிபட்டவர்கள் கெஞ்சியதும் தமிழ். "தமிழ் பேசுகிறவரை யார் என்ன செய்யப்போகிறார்கள், வடக்கத்தியர்தான் பயப்பட வேண்டும்" என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குக் காது கிடையாது. கொங்கு நாட்டில் மாசி, பங்குனி, சித்திரை என்று குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிற குடும்பங்கள் எத்தனை! காங்கேயம் பக்கமோ தாராபுரம் பக்கமோ காட்டுவழியில் காரை நிறுத்தி வழி கேட்காதவர்கள் எத்தனை பேர்?

இரண்டு மாதம் கழித்து, 2018 ஜூலை 13 அன்று, கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் இதே கதை நடந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த இளம் மென்பொறியாளர் நண்பர்களோடு காரில் போனார். நண்பர்களில் ஒருவர் கத்தார் நாட்டவர். அங்கேயும் குழந்தைகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்தார்கள். அங்கேயும் வாட்ஸ்அப்பில் தகவல் காரை முந்திக்கொண்டு போனது, வழியில் சாலை மறிக்கப்பட்டது. மென்பொறியாளர் இறந்தார். கத்தார்க்காரர் காயங்களோடு தப்பினார்.

அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோ ஒன்று எங்கே எடுக்கப்பட்டது தெரியுமா? பாகிஸ்தானின் கராச்சியில். குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அங்குள்ள தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. பைக்கில் வருகிற இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சிறிது நேரத்தில் திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, முதல் பகுதியை மட்டும் நம் நாட்டில் நடந்ததாக அனுப்பினார்கள். அவ்வளவுதான் வேலை. ஒரு சில நொடிகளை வெட்டியதற்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

நம் கொங்கு மண்ணில் நடந்ததை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 2023-ல் நாம் மயிரிழையில் தப்பினோம்.

அந்த ஆண்டு ஜனவரியில், திருப்பூரில் ஒரு டீக்கடை அருகே தொடங்கிய வாய்த் தகராறு கைகலப்பானது. வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர் இளைஞர்களைத் துரத்துகிற காட்சி செல்போனில் பதிவானது. சில நாளில் தமிழ்நாடு முழுக்க அது, "திருப்பூரில் வடக்கன் தமிழனை விரட்டி விரட்டி அடிக்கிறான்" என்ற தலைப்போடு சுற்றியது. டீக்கடைத் தகராறு என்று போலீஸ் விளக்கம் கொடுத்தும் யாரும் நிற்கவில்லை. ரயிலில் பொதுப்பெட்டியில் இந்தி பேசுகிற பயணிகளை ஒருவர் அடித்து வசைபாடும் வீடியோ அடுத்த மாதம் வெளியானது. ரயில்வே போலீஸ் அவரைக் கைது செய்தது. பொறி விழுந்தாகிவிட்டது.

மார்ச் முதல் வாரத்தில் அதே நெருப்பு மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு நேரடியாகக் காமிரா முன் வந்து மறுத்தார். சுற்றிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட பழைய சம்பவம். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருதரப்பு அடித்துக்கொண்டது. கட்டுப் போட்ட தொழிலாளர்களைக் காட்டிய வேறொரு வீடியோ, பாட்னாவில் ஆட்களை நடிக்க வைத்து எடுத்தது என்று பீகார் போலீஸே பிறகு கண்டுபிடித்துச் சொன்னது.

அந்த நாட்களில் கோவை ஜங்ஷனையும் திருப்பூர் ரயில் நிலையத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டமும் பயந்து ஓடுகிற கூட்டமும் கலந்து பிளாட்பாரமே தெரியவில்லை. பனியன் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களின் அறைகளுக்கே போய், "பயப்படாதீங்க, நாங்க இருக்கறோம்" என்று பேசினார்கள். கோவையிலும் திருப்பூரிலும் போலீஸ் இந்தியில் அறிவிப்புகள் வெளியிட்டது, உதவி எண்கள் கொடுத்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. அக்குழுவின் தலைவர் பாலமுருகன் தமிழ்ப் பெயர் கொண்ட அதிகாரி. இரு மாநில முதல்வர்களும் தொலைபேசியில் பேசினார்கள். அரசு எந்திரம் முழுக்க இறங்கி வேலை செய்ததால்தான் அன்று பெரிய விபரீதம் நடக்காமல் போனது. ஒரு டீக்கடைச் சண்டை, இரண்டு மாதத்தில், இரண்டு மொழியில், இரண்டு எதிரெதிர்ப் பொய்களாக மாறியது. இனி ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு அரசு வந்து நிற்கும் என்று நம்பி உட்கார முடியாது.

அரசு நேரத்துக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு வாளையாறு சாட்சி. உக்கடத்திலிருந்து பாலக்காடு ரோட்டில் போனால் மதுக்கரை, எட்டிமடை, அடுத்தது வாளையாறு செக்போஸ்ட். அதன் அருகே அட்டப்பள்ளத்தில் 2025 டிசம்பர் 17 அன்று, சத்தீஸ்கரிலிருந்து வேலை தேடி வந்த 31 வயதுத் தொழிலாளி ஒருவரைத் திருடன் என்று சந்தேகப்பட்டு ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. "நீ பங்களாதேஷியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தது அந்தக் கூட்டம் எடுத்த வீடியோவிலேயே இருக்கிறது. அவர் இந்தியக் குடிமகன். அந்தப் பக்கம் வந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஆனைகட்டியைத் தாண்டினால் வருகிற அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று, மது என்ற பழங்குடி இளைஞர் அரிசி திருடியதாகச் சொல்லிக் கட்டி வைத்து அடிக்கப்பட்டு இறந்ததும் நமக்கு மறந்திருக்காது. கட்டப்பட்டிருந்த அவரோடு செல்ஃபி எடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் கிடைத்தது. மது வெளியூர்க்காரர்கூட அல்ல. அந்த மலைக்கே சொந்தக்காரர்.

இனி நம் தெருவுக்கு வருவோம். யார் யார் வருகிறார்கள் என்று ஒரு நாளைக்குக் கவனித்துப் பாருங்கள்.

காலை பத்து, பதினொரு மணிக்கு மேல், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, பெட்ஷீட்டும் திரைச்சீலையும் தோளில் போட்டுக்கொண்டு உத்தரப் பிரதேசத்துக்காரரோ ராஜஸ்தான்காரரோ வருவார். நாலைந்து பேராக ஓர் அறை எடுத்துத் தங்கி, சரக்கைக் கடனுக்கு எடுத்து, விற்ற பிறகு கணக்கு முடித்து மீதியை ஊருக்கு அனுப்புகிற பிழைப்பு. பழைய முடி வாங்கிக்கொண்டு ஸ்டீல் பாத்திரம் கொடுக்கிறவர் வருவார். மூன்று மணிக்கு மணியடித்துக்கொண்டு பஞ்சு மிட்டாய். பள்ளி விடுகிற நேரத்தில் பலூன்காரர். இருட்டிய பிறகு பானையில் குல்ஃபி. மாலையில் தள்ளுவண்டியில் பானிபூரி. கோவையின் பெருமையான ரோட்டுக்கடைக் காளானையே எடுத்துக்கொள்ளுங்கள்: தோசைக்கல் மேல் கரண்டியைத் தட்டித் தட்டிக் காளான் கிண்டுகிற பையன் பல கடைகளில் அஸ்ஸாம்காரர் அல்லது நேபாளி. பக்கத்தில் மோமோஸ் அவிப்பவரும் அப்படித்தான். நடுராத்திரியில் விசிலடித்துக்கொண்டு, கம்பால் ரோட்டைத் தட்டிக்கொண்டு போய், மாதப் பிறப்பில் வீடு வீடாக வந்து சலாம் வைத்துக் காசு வாங்குகிறாரே கூர்க்கா, அவர் பெரும்பாலும் நேபாளத்திலிருந்து வந்த வெளிநாட்டவர். 1950-ல் கையெழுத்தான இந்திய–நேபாள நட்புறவு ஒப்பந்தப்படி விசா இல்லாமலே இங்கே வந்து தங்கி வேலை செய்ய அவருக்கு உரிமை உண்டு. எத்தனையோ வருடமாக நம் தூக்கத்துக்குக் காவல் இருந்தது ஒரு வெளிநாட்டுக்காரர்.

இன்னும் இருக்கிறார்கள். கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கிற ஆப்பிரிக்க மாணவர்கள். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்கி ஊருக்கு அனுப்புகிற நைஜீரிய வியாபாரிகள். தொண்டாமுத்தூர் பக்கம் பூலுவப்பட்டி முகாமிலும், ஈரோடு மாவட்டம் பவானிசாகர் முகாமிலும் இருந்து பெயிண்டிங் வேலைக்கு வருகிற இலங்கைத் தமிழர்கள். இவர்களில் பலர் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் இன்னமும் வெளிநாட்டவர்.

இப்போது அந்த ஃபார்வர்ட் செய்திகளில் சந்தேகத்துக்குரிய அடையாளங்கள் என்று எதைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். மதிய நேரத்தில் பெல் அடிப்பார்கள். கேட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். மூட்டை வைத்திருப்பார்கள். பள்ளி வாசலில் நிற்பார்கள். இரண்டாம் நாளும் அதே வீட்டுக்கு வருவார்கள். தமிழ் தெரியாது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். இத்தனையும் தெரு வியாபாரத்தின் அன்றாட வேலை! பெல் அடிக்காமல் எப்படி பெட்ஷீட் விற்பது? குழந்தைகள் இல்லாத இடத்தில் பலூன்காரர் ஏன் நிற்க வேண்டும்? "இப்பப் பாதி வாங்கிக்க, மீதி நாளைக்கு வா" என்று நாம்தானே சொல்லி அனுப்பினோம்? மறுநாள் வந்தவரை நோட்டம் பார்க்க வந்தவன் என்று சிசிடிவியில் வெட்டிப் போட்டால், அந்த மனிதர் எந்த பாஷையில் போய் யாரிடம் விளக்கம் சொல்வார்? தெருவில் நடந்து வாழ்கிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் குற்றவாளிதான். அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தான பட்டியல்.

நம் ஊர் நாடோடிகளும் இதில் சிக்குகிறார்கள். பூம்பூம் மாட்டுக்காரர், குடுகுடுப்பைக்காரர், பாசிமணி விற்கிற நரிக்குறவ அம்மா, மனநிலை சரியில்லாமல் ஊர் ஊராக அலைபவர் என யாருக்கும் பாதுகாப்பில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை பம்மலில் திருநங்கை ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மறுபடியும் இதே வதந்தி, மறுபடியும் போலீஸின் மறுப்பு.

பெற்றோரின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் காட்டுகிறது. உறவினர், அக்கம்பக்கத்தார், குடும்ப நண்பர். நம் கண் முழுக்கத் தெருவில் போகிற பலூன்காரர் மேல் இருக்கும்போது வீட்டுக்குள் யார் கவனிப்பது?

சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்கள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் திருப்பூர், பல்லடம் பகுதிகளில் உரிய ஆவணமில்லாமல் தங்கியிருந்த வங்கதேசத்தவர்களைப் போலீஸ் கைது செய்தது உண்மை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு வங்காளம் பேசுகிற ஒவ்வொருவரையும் பங்களாதேஷி என்று பார்க்கிற பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. மேற்கு வங்கத்திலும் அஸ்ஸாமிலும் திரிபுராவிலும் கோடிக்கணக்கான இந்தியர்கள் பேசுவது வங்காள மொழிதான். பெயரைக் கேட்டோ தாடியைப் பார்த்தோ நாட்டைக் கண்டுபிடிக்கிற வித்தை யாரிடமும் கிடையாது.

ஏரியா சங்கத்தில் இருக்கிறோம் என்பதற்காகத் தள்ளுவண்டிக்காரரை நிறுத்தி ஆதார் கேட்பது, அதைப் போட்டோ எடுப்பது, குழுவில் போடுவது இப்போது பல இடங்களில் நடக்கிறது. அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது. ஒருவர் நாட்டில் தங்கத் தகுதி உள்ளவரா என்று விசாரிப்பது போலீஸின், குடியேற்ற அதிகாரிகளின் வேலை. வியாபாரிக்கு உரிமம் உண்டா என்று பார்ப்பது மாநகராட்சியின் வேலை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் நடந்து விற்பவரையும் தள்ளுவண்டிக்காரரையும் வியாபாரிகளாகவே கணக்கில் எடுத்து, கணக்கெடுப்பும் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்கச் சொல்கிறது. அந்த அட்டை இன்னும் போய்ச் சேராதவர்கள் உள்ளூர்த் தமிழர்களிலேயே ஏராளம். கையில் அட்டை இல்லாததைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் நம் ஊர் கீரைக்காரம்மாவும் குற்றவாளிதான்.

வெளிநாட்டவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. நேபாள, பூடான் நாட்டவர் வகை தனி. மற்றபடி வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவரை, அவர் கல்லூரி மாணவராக இருந்தாலும், பனியன் வியாபாரியாக இருந்தாலும், வீட்டிலோ விடுதியிலோ தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டியது தங்க வைத்தவரின் கடமை. இது லாட்ஜுக்கு மட்டும் என்று பல வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தனி வீட்டுக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946-ன் வெளிநாட்டவர் சட்டம் உட்படப் பழைய நான்கு சட்டங்களை நீக்கிவிட்டு வந்திருக்கிறது. விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். முறையாகப் பதிந்து வைத்துவிட்டால் நாளைக்குத் தெருவில் யாராவது அந்தப் பையனைப் பற்றிப் புரளி கிளப்பினாலும் வீட்டுக்காரர் தைரியமாக முன்னால் நின்று பேசலாம். பதியாதவர் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் கதவு சாத்தப்படுகிற நேரத்தில்தான் வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவி வேண்டியிருக்கும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? கையில் உள்ள போனில் 112 இருக்கிறது. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. அழையுங்கள், இடத்தைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். வீடியோ எடுத்துக் குழுவில் போடுவதற்கும் போலீஸுக்குச் சொல்வதற்கும் நடுவே ஓர் உயிரின் தூரம் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியோடு பலமுறை அனுப்பப்பட்டது என்று இருந்தால், உங்கள் தெருவில் இன்று காலை நடந்த விஷயமாக அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். 2018 கொலைகளுக்குப் பிறகுதான் அந்த நிறுவனம் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020-ல் அதிகம் சுற்றிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கியது. அப்படியும் வாய்ஸ் மெசேஜ் வடிவில் வதந்தி வந்துகொண்டுதான் இருக்கிறது: "ஏனுங்க, எங்க சித்தப்பா பையன் போலீஸ்ல இருக்கறானுங்க, அவனே சொன்னானுங்க..." என்று நம் கொங்கு வழக்கிலேயே, நம் வீட்டுப் பெரியம்மா குரலிலேயே வரும். அந்தக் குரல்தான் நம்ப வைக்கும். சொன்ன சித்தப்பா பையன் எந்த ஸ்டேஷன் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

கூட்டம் கூடிவிட்டால்? இதுதான் மிகக் கடினமான இடம், இங்கேதான் ஒரு மனிதர் நினைத்தாலும் உயிரைக் காப்பாற்ற முடியும். முதல் அடி விழும் முன்பு அந்த ஆளை ஒரு கடைக்குள்ளோ காம்பவுண்டுக்குள்ளோ கூட்டிக்கொண்டு போய் ஷட்டரை இறக்கிவிடுங்கள். அவரிடம் விசாரணை நடத்தாதீர்கள். மொழி தெரியாமல் திணறுவதைத்தான் கூட்டம் திருட்டு முழி என்று சொல்லும். தெருவில் இந்தி தெரிந்தவர் நிச்சயம் இருப்பார், மேஸ்திரியோ, மார்வாடிக் கடைக்காரரோ, ரிட்டயர்டு ராணுவத்துக்காரரோ. அவரைப் போன் போட்டு வரச் சொல்லுங்கள். "போலீஸ் கிளம்பிருச்சு, வந்துட்டிருக்கறாங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அதைக் கேட்டதும் கலைவார்கள். மிச்சமிருப்பவர்களில் தெரிந்த முகத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்: "ஏப்பா செந்திலு, இங்க வா, தள்ளி நில்லு". பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவன் கை ஓங்கத் தயங்குவான்.

இளைஞர்களுக்குச் சட்டத்தையும் சொல்லி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஒருவரைக் கொன்றால் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. "நான் ஒரு அறைதான் விட்டேன்" என்பது அங்கே செல்லாது. பொய்த் தகவல் பரப்பிப் பீதியைக் கிளப்பினால் 353-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. நாலு பேர் மத்தியில் வீரம் காட்டப் போன பையனின் வாழ்க்கையும் அன்றே முடிந்தது.

கடைசியாக, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. 2025 ஜூலை 19 அன்று அயர்லாந்தின் டப்ளின் புறநகரான டாலட்டில், இந்தியர் ஒருவரை ஒரு கும்பல் மறித்து ரத்தம் வழிய அடித்து, துணிகளை உருவி, தெருவில் விட்டுப் போனது. குழந்தைகளிடம் தவறாக நடந்தார் என்று புரளி கிளப்பினார்கள். அது பொய் என்று தெரிய வந்தது. அவர் அந்த நாட்டுக்கு வேலைக்குச் சமீபத்தில்தான் வந்திருந்தார். அடுத்த மாதம் 1-ஆம் தேதி டப்ளின் இந்தியத் தூதரகம், ஆள் நடமாட்டமில்லாத இடங்களைத் தவிருங்கள் என்று நம்மவர்களுக்கு எச்சரிக்கை அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. பீளமேட்டிலும் பொள்ளாச்சியிலும் எத்தனை அம்மாக்கள் அன்று ராத்திரி போனைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணு, ரூமைவிட்டு வெளிய போகாத" என்று அழுதிருப்பார்கள்! டப்ளின் தெருவில் நம் பையன் மேல் விழுந்த அதே பொய்தான் கோவைத் தெருவில் பெட்ஷீட்காரர் மேல் விழுகிறது. அவருக்கும் ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் இருக்கிறாள்.

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள், வியாபாரிகளும் தெருவில் இருப்பார்கள், வதந்தியும் அப்போதுதான் கிளம்பும். இன்றே உங்கள் குழு அட்மினிடம் பேசுங்கள்: தேதி, இடம், காவல் நிலையம் மூன்றும் இல்லாத எந்த எச்சரிக்கைச் செய்தியும் குழுவில் இருக்கக் கூடாது, தெருவில் போகிறவர் முகத்தை யாரும் பதியக் கூடாது. நாளைக்குப் பெட்ஷீட்காரர் வந்தால் பெயரையும் ஊரையும் கேட்டு வையுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். அவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைப் பார்த்தால் தயங்காமல் 112-ஐ அழையுங்கள்.